லைனும் சரி, ரவுட்டரும் சரி என்றால் இணைப்பு ஏன் அறுகிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் நிலைமை இது. பாளையங்கோட்டையில் உங்கள் வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ஆபரேட்டர் கொடுத்த, ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியின் வைஃபை மாடி அறைக்கு எட்டாததால், இரண்டு மாதங்களுக்கு முன்பு கடையில் நல்ல டூயல் பேண்ட் ரவுட்டர் ஒன்று வாங்கி மாட்டினீர்கள். அன்றிலிருந்து நாளுக்கு ஐந்தாறு முறை இணையம் நின்றுபோகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் தானாகவே திரும்புகிறது. நிற்கும்போதும் கைப்பேசியில் வைஃபை குறி முழுதாகவே இருக்கிறது. ஓஎன்டியின் பச்சை விளக்கும் அணைவதில்லை. ஆபரேட்டரின் ஆள் வந்து தன் லேப்டாப்பை நேரடியாகச் செருகிப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "லைன் கிளியரா இருக்கு சார், உங்க ரவுட்டர்லதான் பிரச்சினை" என்று சொல்லிப் போய்விட்டார். கடைக்காரரோ அதே ரவுட்டரைத் தன் கடை இணைப்பில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். யாரை நம்புவது, எதை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது. லைனும் ரவுட்டரும் தனித்தனியே நன்றாக இருந்து, சேர்ந்திருக்கும்போது மட்டும் தகராறு வருவதைத்தான் ஒத்துப்போகாமை என்கிறோம். ஓர் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதை எத்தனை நொடிக்கு ஒருமுறை விசாரிப்பது, எத்தனை முறை பதில் வராவிட்டால் அறுந்ததாகக் கொள்வது, அறுந்தபின் எவ்வளவு நேரம் காத்து மறுபடி முயல்வது என்பவற்றில் ரவுட்டர் ஒரு கணக்கு வைத்திருக்கிறது; இணைப்பு தரும் நிறுவனத்தின் சர்வர் வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. இரண்டு கணக்கும் தன்னளவில் சரியானவை. அவை எங்கே மோதுகின்றன என்பதைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் புதிதாக எதையும் வாங்காமலே தீர்த்துவிடலாம். ஆகவே, மூன்று நாள்களுக்கு எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள். ஒரு தாளும் பேனாவும் ரவுட்டர் பக்கத்தில் இருக்கட்டும்.

தாளில் எழுத வேண்டியது மிகக் கொஞ்சம்: எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு நின்றது, எப்போது திரும்பியது, அந்த நேரத்தில் எந்த விளக்கு மாறியது. இதை வீட்டில் எல்லாரும் எழுதலாம். துண்டிப்புகளுக்கு இடையிலான இடைவெளி ஒரே அளவாக இருந்தால் எங்கோ ஒரு டைமர் வேலை செய்கிறது என்று பொருள். ஒழுங்கின்றி வந்தால் கேபிளையோ மின்சாரத்தையோ சந்தேகிக்க வேண்டும். மாலை ஏழு முதல் பத்து வரை மட்டும் வந்தால் நிறுவனத்தின் பக்கம் நெரிசல். தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தோடு பொருந்தினால் அது வோல்டேஜ் இறங்கி ரவுட்டரோ ஓஎன்டியோ ரீஸ்டார்ட் ஆவது; பல வீடுகளில் வாரக்கணக்கில் ரவுட்டரைத் திட்டிய பிறகே இதைக் கண்டுபிடிக்கிறார்கள். ரவுட்டரின் முகவரியை பிரவுசரில் திறந்தால் வரும் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'அப்டைம்' (எவ்வளவு நேரமாக ஓடுகிறது) என்று ஓர் எண் இருக்கும். துண்டிப்புக்குப் பிறகு அது பூச்சியத்திலிருந்து தொடங்கியிருந்தால் பெட்டியே அணைந்து எழுந்திருக்கிறது என்று பொருள். அப்போது முதலில் மாற்ற வேண்டியது அதன் அடாப்டரைத்தான்.

இதோடு கணினியில் ஒரு சோதனையையும் ஓடவிடுங்கள். லேப்டாப்பை வைஃபையில் இல்லாமல் லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து, விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டை மூன்று சாளரங்களில் திறந்துகொள்ளுங்கள். முதலாவதில் ரவுட்டரின் முகவரிக்கு, இரண்டாவதில் நிறுவனத்தின் கேட்வே (உங்கள் ரவுட்டர் நேராகப் பேசும் நுழைவாயில்) முகவரிக்கு, மூன்றாவதில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு, நிறுத்தும் வரை ஓடிக்கொண்டிருக்கும்படி பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். கேட்வே எது என்பதை ரவுட்டரின் இன்டர்நெட் ஸ்டேட்டஸ் பக்கமே காட்டும். சில நிறுவனங்களின் கேட்வே பிங்குக்குப் பதில் தராது; அப்படியானால், வழியிலுள்ள முகவரிகளை வரிசையாகத் தரும் டிரேஸ்ரூட் கட்டளை காட்டும் அடுத்த முகவரியை எடுத்துக்கொள்ளலாம். அறும்போது ரவுட்டரிலிருந்தே பதில் நின்றால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் பதில் தந்து கேட்வே நின்றால் ரவுட்டருக்கும் நிறுவனத்துக்கும் நடுவில். கேட்வேயும் பதில் தந்து 8.8.8.8 மட்டும் நின்றால் கேட்வேக்கு அப்பால். அதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வைஃபை குறி மறையவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் உங்களுடையது நடு வகை என்றே கருதுகிறேன். ஆனால் கருதுவதும் காண்பதும் ஒன்றல்ல, சோதித்துவிடுங்கள்.

ஃபைபரை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். ஓஎன்டியில் 'பான்' விளக்கு நிலையாக எரிந்து, 'லாஸ்' விளக்கு சிவப்பாகாமல் இருந்தால் ஒளி வந்துகொண்டிருக்கிறது. ஓஎன்டியின் முகவரியையும் பிரவுசரில் திறந்தால் 'ரிசீவ் பவர்' என்று மைனஸில் ஓர் எண் தெரியும். வீடுகளில் பரவலாக இருக்கும் ஜிபான் வகைக்கு மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை ஏற்கத்தக்கது; மைனஸ் 25-ஐத் தாண்டினால் மழைக்கும் வெயிலுக்கும் ஆடத் தொடங்கும். பச்சை முனை இருக்கும் இடத்தில் நீல முனைக் கனெக்டரைச் செருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பச்சை முனையின் முகம் எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்துடையது சாய்வில்லாதது; இரண்டும் முட்டினால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். ஃபைபரைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டாம். அதில் வரும் 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கக்கூடும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு ரவுட்டரில் இணைப்பை ஏற்படுத்தினீர்கள் என்றால் உங்கள் நிறுவனம் பிபிபிஓஇ முறையைப் பயன்படுத்துகிறது. தொலைபேசி மோடம் காலத்து 'டயல்' செய்யும் முறையை ஈதர்நெட்டுக்குக் கொண்டுவந்து 1999-இல் வகுத்த ஏற்பாடு இது. ஃபைபர் எப்போதும் ஒளியோடு இருந்தாலும், அதன்மேல் உங்கள் ரவுட்டர் ஒரு 'செஷன்' எழுப்பி அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். பச்சை விளக்கு அணையாமலே இணையம் நிற்பதற்கு இதுதான் காரணம்: விளக்கு ஒளியைக் காட்டுகிறது, அறுவது செஷன்.

உங்கள் கதையில் நான் முதலில் சந்தேகிப்பது ஓஎன்டியைத்தான். புதிய ரவுட்டர் வருவதற்கு முன்பு, அந்தப் பெட்டியே உங்கள் யூசர்நேமை வைத்து டயல் செய்துகொண்டிருந்தது. ரவுட்டர் வந்த அன்று ஆபரேட்டரின் ஆள் ஓஎன்டியை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றியிருப்பார். அதாவது, பெட்டி இனி டயல் செய்யாது, ஒளியை மின் சிக்னலாக மாற்றி ரவுட்டரிடம் கொடுப்பதோடு சரி. ஆனால் இந்த மாற்றத்தைப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஓஎன்டியின் 'வேன்' (வெளி இணைப்பு) பக்கத்தில் பிரிட்ஜ் என்று புதிய வரி ஒன்றைச் சேர்த்து முதல் லேன் போர்ட்டோடு இணைத்துவிட்டு, ஏற்கெனவே இருந்த பிபிபிஓஇ வரியை அழிக்க மறந்துவிடுகிறார்கள். அப்போது ஒரே யூசர்நேமில் இரண்டு பெட்டிகள் டயல் செய்கின்றன. சில நிறுவனங்களின் சர்வர் புதிதாக வந்தவரை ஏற்றுக்கொண்டு பழையவரை வெளியேற்றும். அப்போது இரண்டும் ஒன்றையொன்று மாறி மாறித் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். வேறு சில சர்வர்கள் உள்ளே இருப்பவரை வைத்துக்கொண்டு வருபவரை மறுக்கும். அப்போது ஒவ்வொரு துண்டிப்புக்குப் பிறகும் யார் முந்துகிறாரோ அவருக்கே இணைப்பு. ஆபரேட்டரின் ஆள் லேப்டாப்பைச் செருகிப் பார்த்த பத்து நிமிடத்தில் இது அகப்படாமல் போவது எளிது.

இதைச் சோதிக்கச் செலவில்லை. இணையம் நின்றிருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் ஓஎன்டியின் சொந்த வைஃபையில் கைப்பேசியை இணைத்துப் பாருங்கள். அங்கே இணையம் வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். ஓஎன்டியின் வேன் பக்கத்தைத் திறந்து பிபிபிஓஇ வரி இருக்கிறதா என்று பார்த்து, ஆபரேட்டரிடம் சொல்லி அழிக்கச் சொல்லுங்கள். நீங்களே அழிக்க வேண்டாம், ஏனென்றால் அதே பக்கத்தில் தொலைபேசிக்கும் நிறுவனத்தின் நிர்வாகத்துக்கும் வேறு வரிகள் இருக்கும். இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள். டிஆர்-069 என்ற முறை வழியாக நிறுவனம் தன் அலுவலகத்திலிருந்தே ஓஎன்டியின் அமைப்பை மாற்ற முடியும். ரீசெட்டுக்கோ ஃபர்ம்வேர் (பெட்டியின் உள்மென்பொருள்) மாற்றத்துக்கோ பிறகு பழைய அமைப்பு அதன் வழியாக மறுபடி வந்து உட்கார்ந்துவிடுவதுண்டு. ஆகவே பிரிட்ஜ் மாற்றத்தை உங்கள் வீட்டுப் பெட்டியில் மட்டும் செய்தால் போதாது, அவர்களுடைய பதிவிலும் செய்ய வேண்டும்.

அடுத்த சந்தேகம், நீங்கள் எழுதிய 'இரண்டு மூன்று நிமிடம்' என்ற சொற்களிலிருந்தே எழுகிறது. துண்டிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது, அது எத்தனை மணிக்கு வருகிறது என்பதற்குச் சமமான தடயம். ரவுட்டர் முறையாக விடைபெறாமல் திடீரென்று மறைந்துவிட்டால், நிறுவனத்தின் சர்வருக்கு அது உடனே தெரியாது. குறிப்பிட்ட நொடிகளுக்கு ஒருமுறை 'இருக்கிறாயா' என்று கேட்டு, சில முறை பதில் வராத பிறகே பழைய செஷனை மூடும். அதற்குள் ரவுட்டர் மறுபடி டயல் செய்தால், 'இந்த யூசர்நேம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது' என்று மறுக்கப்படும். இரண்டு நொடி சறுக்கல் ஒன்று மூன்று நிமிடத் துண்டிப்பாக வளர்வது இப்படித்தான். ரவுட்டரின் சிஸ்டம் லாக்கில், அதாவது நிகழ்வுப் பதிவில், துண்டிப்புக்குப் பிறகு ஆத்தென்டிகேஷன் (யூசர்நேம், பாஸ்வேர்டு சரிபார்ப்பு) தோல்வி என்ற வரி சில முறை வந்து, பின்பு பாஸ்வேர்டை யாரும் மாற்றாமலே வெற்றி என்று வந்தால் உங்களுக்கு நடப்பது இதுதான்.

இதை என் அக்கா வீட்டில் நேரிலேயே பார்த்தேன். மதுரையில் அவருக்கு இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. புதிய ரவுட்டர் வந்ததிலிருந்து நெட் நிற்கிறது என்று அவரும் உங்களைப் போலத்தான் சொன்னார். சமையலறைக் காலண்டரின் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதி வைத்திருந்த நேரங்கள் இப்போதும் நினைவில் இருக்கின்றன: காலை 10.12, பிற்பகல் 2.15, மாலை 6.18. நான்கு மணி நேரமும் மூன்று நிமிடமும். அந்த உபரி மூன்று நிமிடம்தான் கதையைச் சொன்னது. இணைப்பு எழுந்ததிலிருந்து சரியாக 14,400 நொடி கழித்து நிறுவனத்தின் சர்வர் செஷனை முடிக்கிறது. மறுபடி இணைய மூன்று நிமிடம் ஆகிறது. அங்கிருந்து அடுத்த நான்கு மணி நேரம் தொடங்குகிறது.

அப்படியானால் பழைய பெட்டியில் ஏன் நிற்கவில்லை? அதிலும் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. பழைய லாக்கைத் தோண்டிப் பார்த்தபோது அதே நான்கு மணி நேர இடைவெளி அங்கேயும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு துண்டிப்பும் ஏழெட்டு நொடியில் முடிந்துவிட்டதால் யாரும் உணரவில்லை. பழைய பெட்டி மெதுவானது, அறுந்தபின் ஐந்து நொடி கழித்தே டயல் செய்யும். புதிய ரவுட்டர் வேகமானது, அறுந்த மறுநொடியே டயல் செய்தது. அந்த ஒரு நொடிக்குள் யார் உள்ளே இருக்கிறார் என்று பதிவு வைக்கும் நிறுவனத்தின் கணக்கு சர்வர் பழைய செஷனை இன்னும் மூடியிருக்கவில்லை, எனவே மறுத்தது. மறுப்பைத் தவறான பாஸ்வேர்டு என்று எடுத்துக்கொண்ட புதிய ரவுட்டர், அடுத்த முயற்சிக்கு மூன்று நிமிடம் காத்திருந்தது. வேகமான, விலை அதிகமான பெட்டி தோற்று, மெதுவான பெட்டி சமாளித்த காரணம் இவ்வளவே. மூன்றாவது முறை அழைத்தபோது அவர்களுடைய நெட்வொர்க் அறையில் இருந்த ஒருவர் பொறுமையாகக் கேட்டு, செஷன் நேரத்தை 24 மணி நேரமாக மாற்றினார். நாங்கள் எங்கள் பக்கம் ரவுட்டரைத் தினமும் அதிகாலை நான்கு மணிக்குத் தானாக ரீபூட் ஆகும்படி வைத்தோம். கணக்கு எப்போதும் நான்கு மணியிலிருந்தே தொடங்குவதால், 24 மணி நேரம் பகலில் முடிய வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

பிபிபிஓஇ பக்கத்தில் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. முதலாவது, இணைப்பு முறை 'ஆட்டோ' என்று இருக்க வேண்டும்; 'ஆன் டிமாண்ட்' என்று இருந்தால், யாரும் பயன்படுத்தாத சில நிமிடங்களுக்குப் பிறகு, பல ரவுட்டர்களில் 15 நிமிடத்துக்குப் பிறகு, ரவுட்டரே இணைப்பை முடித்துக்கொள்ளும். இரண்டாவது, எல்சிபி எக்கோ என்ற விசாரிப்பு. ரவுட்டர் சில நொடிக்கு ஒருமுறை நிறுவனத்தின் சர்வரிடம் எக்கோ அனுப்பும். தொடர்ந்து சில முறை பதில் வராவிட்டால் இணைப்பு செத்துவிட்டது என்று தானே அறுத்துவிடும். மாலை நெரிசலில் இந்த விசாரிப்புகளுக்குப் பதில் தாமதமாகலாம். பொறுமையில்லாத ரவுட்டர் நல்ல இணைப்பையும் அறுத்துவிடும். டிபி-லிங்க் ரவுட்டர்களில் இது 'டிடெக்ட் ஆன்லைன் இன்டர்வெல்' என்ற பெயரில் 0 முதல் 120 நொடி வரை மாற்றக்கூடியதாக இருக்கிறது. ஏசூஸ் ரவுட்டர்களில் 'பிபிபி எக்கோ' என்ற பெயரில் இருக்கிறது. இடைவெளியை 30 நொடிக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் பாருங்கள். பூச்சியம் வைத்து விசாரிப்பையே நிறுத்திவிடுவதை நான் விரும்புவதில்லை. உண்மையாகவே அறும்போது ரவுட்டருக்கு அது தெரியாமல் போய்விடும்.

யூசர்நேம் எதுவும் போடாமலே உங்கள் இணைப்பு வேலை செய்கிறது என்றால் அது டிஹெச்சிபி முறை. அங்கே பிணக்கு வேறு வடிவில் வரும். நிறுவனம் ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகை போலக் கொடுக்கிறது. பாதிக் காலத்தில் ரவுட்டர் அந்த சர்வரிடம் நேரடியாகப் புதுப்பிக்கக் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் 87.5 விழுக்காடு காலத்தில் பொதுவாகக் கூவிக் கேட்க வேண்டும் என்பது 1997-ஆம் ஆண்டின் விதி. ஒரு மணி நேரக் குத்தகையென்றால் முப்பதாவது நிமிடத்திலும், பிறகு ஐம்பத்திரண்டரையாவது நிமிடத்திலும். நிறுவனத்தின் ஃபயர்வால் நேரடிக் கேள்வியைத் தடுத்து, ரவுட்டரின் ஃபர்ம்வேரும் இரண்டாவது கேள்வியைச் சரியாகக் கேட்கத் தவறினால், குத்தகை முடிகிற நிமிடத்தில் இணையம் நிற்கும். ஏசூஸில் 'டிஹெச்சிபி குவெரி ஃப்ரீக்வென்சி' என்பதை 'அக்ரெசிவ்' நிலையிலிருந்து 'நார்மல்' நிலைக்கு மாற்றுவதும், டிபி-லிங்கில் 'யூனிகாஸ்ட் டிஹெச்சிபி' என்ற தேர்வை மாற்றிப் பார்ப்பதும் இதற்காகத்தான். பழைய ரவுட்டரின் மேக் முகவரியை (பெட்டியின் அடையாள எண்) புதியதில் குளோன் செய்திருந்தால், பழையதை வேறு அறையில் ரிப்பீட்டராக வைத்திருக்காதீர்கள். ஒரே நெட்வொர்க்கில் ஒரே மேக் முகவரி இரண்டு பெட்டிகளுக்கு இருந்தால் இரண்டுமே தடுமாறும்.

இதுவரை சொன்னவற்றில் எதுவும் பொருந்தாமல், துண்டிப்பு ஒழுங்கின்றி வந்தால், ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள அந்த முழ நீளக் கேபிளைப் பாருங்கள். அதை யாரும் பார்ப்பதே இல்லை. கிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு போதும். ஒரு ஜோடியில் தொடர்பு தளர்ந்திருந்தால் இரு பெட்டிகளும் ஆயிரத்துக்கும் நூறுக்கும் நடுவில் பேரம் பேசிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பேரத்திலும் ஓரிரு நொடி லிங்க் விழும், செஷன் அறும், மேலே சொன்ன மூன்று நிமிடம் தொடங்கும். பழைய ஏற்பாட்டில் இந்தக் கேபிளே இல்லை என்பதையும், உங்கள் வீட்டில் ரவுட்டரோடு சேர்ந்து புதிதாக வந்தது அதுவும்தான் என்பதையும் கவனியுங்கள். நல்ல கேட்-5இ அல்லது கேட்-6 கேபிள் ஒன்றைப் போடுங்கள். தாமிரம் பூசிய அலுமினியக் கம்பி வேண்டாம். கேபிள் சரியாக இருந்தும் லிங்க் விழுந்தால் அது மின்சிக்கன ஈதர்நெட் வசதியின் வேலையாக இருக்கலாம். பரிமாற்றம் இல்லாத நொடிகளில் போர்ட்டை உறங்க வைக்கும் அந்த வசதியில் எல்லாச் சிப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ரவுட்டரில் 'கிரீன் ஈதர்நெட்' என்று இருந்தால் நிறுத்துங்கள். அணைக்கும் வழியே இல்லையென்றால், இரண்டுக்கும் நடுவில் சாதாரண ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்றை வைத்துப் பாருங்கள். முரண்டு பிடிக்கும் இரண்டு போர்ட்டுகளும் அப்போது ஒன்றோடொன்று நேராகப் பேச வேண்டியதில்லை. பார்க்க ஒட்டுவேலை போலத் தெரிந்தாலும் நான் பல வீடுகளில் இதை நிரந்தரமாகவே விட்டிருக்கிறேன்.

அறுவது போலத் தோன்றி உண்மையில் அறாத வகை ஒன்றும் உண்டு. வாட்ஸ்அப் செய்தி போகும், ஆனால் வங்கியின் பக்கம் பாதியில் சுழன்றுகொண்டே நிற்கும். ரவுட்டரை அணைத்துப் போட்டாலும் மாறாது. இது எம்டியூ அளவுப் பிரச்சினை, அதாவது ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை இருக்கலாம். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மீதி 1492. ரவுட்டரில் 1500 என்று இருந்தால் பெரிய பொட்டலங்கள் வழியில் சத்தமில்லாமல் கைவிடப்படும். 'பிரிக்காதே' என்ற குறியோடு 1464 பைட் அளவில் ஒரு பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்து அது 1492 ஆகும். அது போய்வந்து, 1472 போகாமல் நின்றால் உங்கள் அளவு 1492 என்று உறுதி. 1464-உம் போகாவிட்டால் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே வந்து, போகிற அளவோடு 28-ஐக் கூட்டி ரவுட்டரில் எழுதுங்கள்.

அதே போல, சில தளங்கள் மட்டும் திணறினால், புதிய வகை இணைய முகவரி முறையான ஐபிவி6-ஐ ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். தீர்ந்துவிட்டால் ரவுட்டர் கேட்கும் ஐபிவி6 முறையும் நிறுவனம் தரும் முறையும் வேறு என்று பொருள். சரியான முறையைக் கேட்டு வைத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். அதை ஒரேயடியாக அணைத்துவிடச் சொல்லும் அறிவுரையோடு எனக்கு உடன்பாடில்லை. உங்கள் ரவுட்டரின் இன்டர்நெட் முகவரி 100.64-இலிருந்து 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நிறுவனம் ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது. அப்போது உங்கள் வீட்டுக்கென்று சொந்தமாகக் கிடைப்பது ஐபிவி6 முகவரி மட்டுமே. அலுவலக விபிஎன் மட்டும் அடிக்கடி அறுந்து மற்றவை ஓடினால், இந்தப் பகிர்வுப் பெட்டி சும்மா இருக்கும் தொடர்புகளைச் சீக்கிரம் மறந்துவிடுவதே காரணமாக இருக்கும். விபிஎன் மென்பொருளில் 'கீப்அலைவ்' 25 நொடி வைத்தால் அந்தத் துண்டிப்பு நின்றுவிடும்.

ஆபரேட்டரிடம் பேசும்போது 'நெட் அடிக்கடி கட் ஆகுது' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொற்களுக்கு அவர்களிடம் இருக்கும் ஒரே பதில் 'ரீஸ்டார்ட் செய்யுங்கள்' என்பதுதான். தாளிலிருந்து மூன்று நேரங்களைப் படித்துக் காட்டி, அந்த நேரங்களில் உங்கள் யூசர்நேமின் செஷன் எந்தக் காரணத்தால் முடிந்தது என்று அவர்களுடைய கணக்கு சர்வரில் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டிப்புக்கும் காரணம் அங்கே பதிவாகிறது: பயனர் முடித்தாரா, நேரம் தீர்ந்ததா, லைன் விழுந்ததா என்பது அதில் தெரியும். பிறகு மூன்றே கேள்விகள் கேளுங்கள். செஷன் நேரம் எவ்வளவு, ஒரே யூசர்நேமில் எத்தனை செஷன்களுக்கு அனுமதி, விலேன் எண் (ஒரே லைனில் வரும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண்) ஏதும் ரவுட்டரில் போட வேண்டுமா? ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், வாடிக்கையாளர் தாமே ரவுட்டரைத் தேர்ந்துகொள்ளவும், அதற்கு வேண்டிய விவரங்களை நிறுவனம் கேட்காமலே தரவும் சட்டம் இருக்கிறது. நம்மிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. கேட்டும் நடக்கவில்லையென்றால், புகாரைப் பதிவு செய்து டாக்கெட் எண் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் வகுத்த விதிமுறைப்படி, புகார் தீராவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். அதற்கு அந்த எண் வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை.

இவ்வளவும் செய்யப் பொறுமை இல்லையென்றால், அல்லது ஆபரேட்டர் எதற்கும் அசையவில்லையென்றால், இன்னொரு வழி இருக்கிறது. மாடிக்கு வைஃபை எட்ட வேண்டும் என்பதே உங்கள் தேவை என்பதால் உங்களுக்கு இதுவே போதும் என்றும் நினைக்கிறேன். டயல் செய்யும் வேலையை மறுபடி ஓஎன்டியிடமே கொடுத்துவிடுங்கள். நிறுவனத்தின் கணக்கோடு ஒத்துப்போகும் பெட்டி அதுதான் என்பதை ரவுட்டர் வருவதற்கு முன்பு ஓடிக் காட்டியிருக்கிறது. புதிய ரவுட்டரை, வைஃபையை மட்டும் பரப்பும் 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றி, நல்ல கேபிள் ஒன்றை இழுத்து மாடியில் வையுங்கள். அந்த முறை உங்கள் மாடலில் இல்லாவிட்டால், அதன் டிஹெச்சிபியை நிறுத்தி, லேன் முகவரியை 192.168.1.2 போல ஓஎன்டியின் வரிசையிலேயே, ஆனால் அது பிறருக்குக் கொடுக்கும் எண்களுக்கு வெளியே வைத்து, ஓஎன்டியிலிருந்து வரும் கேபிளை நீல வேன் போர்ட்டில் அல்லாமல் ஒரு லேன் போர்ட்டில் செருகுங்கள். ஓஎன்டியின் வைஃபைக்கும் மாடி வைஃபைக்கும் ஒரே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல்களை ஒன்றுக்கு 1, மற்றதற்கு 11 என்று பிரித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் ஒரு வாரம் அந்தத் தாளில் நேரங்களைக் குறித்துவாருங்கள்; இந்த ஏற்பாட்டிலும் அறுந்தால் அது இனி உங்கள் ரவுட்டரின் தவறல்ல என்று ஆபரேட்டரிடம் தாளோடு காட்டிப் பேசலாம்.